கருப்பட்டியும் சீனிதான், அக்கா

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கித்துள் கருப்பட்டியும் சீனிதான். வீட்டில் சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவு உள்ளவர், யாராவது இருந்து, இதை முழுக்க வாசிக்க நேரமில்லாவிட்டால், இந்த வரியோடு நிறுத்திவிட்டுப் போய் அவரிடம் சொல்லுங்கள். மிச்சத்தை நேரம் இருக்கிறவர்கள் வாசித்தால் போதும்.

இந்த மாதத்தோடு நான் கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். வருடா வருடம் இந்த மாதம் வந்தால் ஊர்ப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்புவேன். முதல் பனி விழுந்தது, பஸ்ஸில் தவறான இடத்தில் இறங்கியது, தமிழ்க் கடையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டது, எல்லாம் எழுதியாயிற்று. இலங்கையில், தெரணியகலைக்குப் பக்கத்து றப்பர்த் தோட்டம் என்று சொன்னால், "அங்கையும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்று அடுத்த கேள்வி வரும். அதையும் எழுதினேன். வாசித்தவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

இந்த வருடம் அந்த மாதிரி எழுத மனமில்லை. என் அக்காவின் காலைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்தக் காலை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவன் யார் என்றும் எழுத வேண்டும்.

2

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். தட்டு அடுக்குகிறேன். ஒவ்வொரு தட்டிலும் ஒரு அட்டை இருக்கும். பெயர், அறை இலக்கம், என்ன கொடுக்கலாம், என்ன கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்களின் அட்டையில் நீலக் கோடு. நீலக் கோட்டைக் கண்டால் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்திலிருந்து சீனிப் பக்கெட்டை, அந்தச் சின்னத் தாள் பொட்டலத்தை, எடுத்துவிட்டுப் பச்சைப் பக்கெட்டை வைக்க வேண்டும். பச்சையில் இருப்பது ஏதோ ஒரு செடியின் இலையிலிருந்து எடுத்த இனிப்பு. அது இரத்தத்தில் சீனியை ஏற்றாது. பதினாறு வருடமாக இதைச் செய்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.

மூன்றாம் மாடியில் ஒரு போர்த்துக்கல்காரக் கிழவர் இருந்தார். அவருக்கு நீலக் கோடு. பச்சைப் பக்கெட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எனக்குத் தேன் கொடு. தேன் இயற்கை. தேன் மருந்து" என்று ஒவ்வொரு நாளும் கெஞ்சுவார். ஒருநாள் பாவம் பார்த்து ஒரு சின்னத் தேன் டப்பாவை வைத்துவிட்டேன். மேற்பார்வைக்காரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாள். தேனோ, பழுப்புச் சீனியோ, எந்தப் பெயரில் போனாலும் இரத்தத்துக்கு அது ஒன்றுதான் என்றாள். "இதை விளங்கிக்கொண்டேன்" என்று ஒரு பாரத்தில், அதாவது படிவத்தில், கையெழுத்து வாங்கினாள். இந்த நாட்டில் எதை விளங்கிக்கொண்டாலும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். விளங்கிக்கொண்டேனா என்பதைப் பிறகு பாருங்கள்.

3

தோட்டத்தில் சாயம், அதாவது பால் இல்லாத தேத்தண்ணி, குடிக்கிற முறை வேறு. தேத்தண்ணிக்குள் சீனி போட்டுக் கலக்குவது வசதியுள்ளவர்கள் வேலை. நாங்கள் சீனியை உள்ளங்கையில் கொட்டி, நாக்கால் ஒரு தொடு தொட்டு, ஒரு மடக்குச் சாயம் குடிப்போம். கருப்பட்டி இருந்தால் ஒரு கடி, ஒரு மடக்கு. இப்படிக் குடித்தால் கொஞ்சச் சீனியில் நிறையச் சாயம் இறங்கும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

இதை அழகான பழக்கம் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அழகு ஒன்றும் இல்லை. காலையில் சாப்பிட ஒன்றும் இல்லாதவர்கள் மலை ஏறுவதற்குக் கண்டுபிடித்த வழி அது. சீனி எங்களுக்கு ருசிக்காக இல்லை. அதுதான் காலைச் சாப்பாடு. அதனால்தான் எங்கள் லயங்களில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு இந்த வருத்தம். "சீனியைக் குறைங்க" என்று சொல்கிற டாக்டர்மார் யாரும், அதைக் குறைத்தால் காலை பத்து மணிவரைக்கும் எதை வைத்து றப்பர் மரத்தில் பால் வெட்டுவது என்று சொன்னதில்லை.

என் அக்கா பார்வதிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. என்னைவிட எட்டு வயது மூப்பு. பதினான்கு வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்து றப்பர் மலைக்கு வேலைக்குப் போனாள். நான் பள்ளிக்கூடம் போனது அவள் வெட்டிய பாலில். அவளுடைய புருஷன் செத்துப் பல வருடம். மகள் ராணி ஆவிசாவளைப் பக்கம் ஒரு கார்மன்ட் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வருவாள். அதாவது அந்தக் குடும்பத்தில் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பதிவேட்டில், பெயர் உள்ள ஒரே ஆள் அக்காதான். எங்கள் தோட்டத்தில் வழக்கம் என்னவென்றால், வீட்டில் ஒருவருக்காவது வேலை இருந்தால்தான் குடியிருக்க லயத்துக் காம்பரா. ஆள் வேலைக்கு வராவிட்டால், காம்பராவை இன்னொருவருக்குக் கொடுக்கிற பேச்சு தொடங்கிவிடும். அக்காவின் கால் போனால் வீடும் போகும். ஊரில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர் வாசித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

4

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரே மாதத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் செய்தி வந்தது. எனக்குச் சீனி எல்லையில் நிற்கிறது என்று இங்கே சொன்னார்கள். அக்காவுக்கு எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது என்று அங்கே சொன்னார்கள்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியும். கடைக்குப் போனேன். தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாகப் போடுகிற சாமான்களுக்கு என்றே ஒரு அலமாரி. தேன், தென்னஞ்சீனி, பேரீச்சைப் பாணி, ஏதோ கற்றாழை மாதிரி ஒரு செடியின் பாணி, மாத்திரை, சொட்டு மருந்து. ஒவ்வொன்றிலும் இலைப் படம் போட்டிருந்தார்கள். இலைப் படம் போட்டால் எல்லாம் நல்லது என்று நினைக்கிற ஆட்களுக்காக. நான் வேலை செய்யும் இடத்தில் பார்த்த பச்சைப் பக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அரைப் பக்கெட் போட்டுக் குடிக்கிறேன். முதல் கிழமை, அந்த ஏழு நாளும், நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அக்காவுக்கு என்ன சொன்னேன்?

"அக்கா, சீனிய இன்னையோட விடு. அது வெசம். கித்துள் கருப்பட்டி கடிச்சிக் குடி. அது மரத்துல இருந்து வாறது. சீனி வருத்தத்துக்கு ஒண்ணும் செய்யாது."

"நெசமாவாடா?"

"நான் சொல்றேன்ல."

"கருப்பட்டின்னா எனக்கென்ன கசக்கவா போவுது" என்று சிரித்தாள்.

இதை எனக்கு யார் சொன்னது என்று இப்போது யோசித்தால், யாரும் குறிப்பாகச் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் சொல்வதுதான். சிங்கள ஆட்களும் சொல்வார்கள், எங்கள் ஆட்களும் சொல்வார்கள். போனில் வந்த ஒரு வீடியோவிலும் ஒருவர் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் பச்சைப் பக்கெட். அவளுக்கு மரத்துச் சாமான். ஏன் அப்படிப் பிரித்தேன்? அவள் தோட்டத்துக்காரி, அவளுக்கு இயற்கைதான் ஒத்துவரும் என்று எங்கேயோ மனதுக்குள் ஒரு திமிர். வேறு பதில் இல்லை.

தோட்டத்துக்கு மேலே உள்ள சிங்களக் கிராமத்தில் சோமா அக்கே என்று ஒருவர். அவர்கள் வீட்டில் கித்துள் மரத்துப் பதநீரைப் பாணியாகக் காய்ச்சித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பார்கள். நல்ல மனுஷி. சீனி கலக்காத சுத்தக் கருப்பட்டி வேண்டும் என்று போனில் பேசி, கிழமைக்குக் கிழமை லயத்துக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தேன். பெரிய காரியம் செய்த மாதிரி இருந்தது எனக்கு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அக்கா லயம் முழுக்க, "என் தம்பி கனடாவுல ஆஸ்பத்திரியில" என்று சொல்லி வைத்திருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் இல்லை. முதல் முறை சொல்லக் கேட்டபோது திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது. அதனால் நான் கருப்பட்டி கடிக்கச் சொன்னது அக்காவோடு நிற்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்களும் கடிக்கத் தொடங்கினார்கள். "ஆஸ்பத்திரித் தம்பி சொன்னது."

5

போன வருடம் மழை காலத்தில் அக்காவின் வலது காலில், சின்ன விரலுக்குப் பக்கத்தில், உடைந்த சிரட்டைத் துண்டு வெட்டியது. பால் வடிக்கிற சிரட்டைதான். மரத்தடியில் உடைந்து கிடந்திருக்கிறது. செருப்பு வழுக்கும் என்று வெறுங்காலோடு இறங்கியிருக்கிறாள். அது வெட்டியதே அவளுக்குத் தெரியவில்லை. பின்னேரம் கால் கழுவும்போது இரத்தத்தைக் கண்டுதான் தெரிந்ததாம்.

மூன்று மாதம் ஆகியும் ஆறவில்லை. கிளினிக்கில் மருந்து கட்டினார்கள். சீனி பார்த்தார்கள். இறங்கவே இல்லை. அங்கே உள்ள நர்ஸ் மிஸ் கேட்டிருக்கிறார், "சீனி கனவத, அம்மே?" அதாவது, சீனி சாப்பிடுகிறீர்களா அம்மா?

அக்காவுக்குச் சிங்களம் தண்ணி மாதிரி வரும். "நே, மிஸ். டிக்கக்வத் நே" என்று சொல்லியிருக்கிறாள். கொஞ்சம்கூட இல்லை. பொய் இல்லை. சத்தியமான வார்த்தை. ஒரு வருடத்துக்கு மேலாக அவள் சீனிப் போத்தலைத் தொடவில்லை. கருப்பட்டி பற்றி அவர்கள் கேட்கவில்லை. கருப்பட்டியைச் சீனி என்று எங்கள் பக்கத்தில் யாருமே நினைப்பதில்லை. சிங்கள ஆட்களும் நினைப்பதில்லை. அந்த மிஸ் வீட்டிலும் ஒரு சிரட்டைக் கருப்பட்டி இருந்திருக்கும்.

அதனால் மாத்திரையைக் கூட்டினார்கள். பிறகும் கூட்டினார்கள். பிறகு ஊசி என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? கத்தினேன். எனக்கு நன்றாக வருவது அதுதான். முதலில் ராணியிடம் கத்தினேன்.

"நீ என்னத்தடி ஆக்கிப் போடுற அம்மாவுக்கு? மூணு வேளையும் சோறா?"

"இல்லீங்க மாமா. ராவைக்கு ரொட்டிதான். அதுலயும் ஒண்ணு."

"பொய் சொல்லாத."

"நான் ஏன் மாமா பொய் சொல்றேன்? நீங்க வந்து பாருங்களேன்."

பிறகு தோட்டத்து மருந்துக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினேன். பழைய மாத்திரை கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. இதை அவர் வாசித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா.

பிறகு அக்காவின் கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, என் டாக்டரின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். வரவேற்பில் இருந்த பெண், நோயாளியின் சுகாதார அட்டை இலக்கம் என்ன என்றாள். அவர் இலங்கையில் இருக்கிறார் என்றேன். அப்படியானால் புது நோயாளிப் பாரம் நிரப்பி, அவரே நேரில் வர வேண்டும் என்றாள். நடக்க முடியாமல்தானே கேட்கிறேன் என்றேன். பாரத்தை நீட்டினாள். நல்ல பிள்ளைதான், சிரித்துக்கொண்டுதான் நீட்டினாள். அந்தச் சிரிப்பை என்ன செய்வது? பாரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்கிடையில் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சீனி இறங்காவிட்டால் புண் ஆறாது. ஆறாவிட்டால் விரலோடு நிற்காது.

6

எனக்கு மீரா என்று ஒரு மகள். பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். சாப்பாட்டு மேசையில் போன். "அத்தையோட பேசு" என்றால் இரண்டு நிமிடம், "எப்பிடி இருக்கிறீங்க, நல்லா இருக்கிறன், பாய்." அவள் பேசுகிற தமிழும் அவளுடைய அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ். என் மனைவி வசந்தி யாழ்ப்பாணம். என் பேச்சில் ஒரு சொல்கூடப் பிள்ளையிடம் போய்ச் சேரவில்லை என்று பல வருடமாக எனக்கு ஒரு மனத்தாங்கல்.

அன்று ஞாயிறு காலை. அங்கே பின்னேரம். வீடியோவில் அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட காலை ஒரு கதிரையில் நீட்டி வைத்திருந்தாள். ராணி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மீராவின் கையில் போனைத் திணித்துவிட்டுக் கோப்பை கழுவப் போனேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை.

"அத்தை, அது என்ன கடிக்கிறீங்க?"

"கருப்பட்டிடா கண்ணு. மருந்து."

"என்ன மருந்து?"

"ஒங்கப்பா சொன்ன மருந்து. சீனிக்குப் பதிலா."

"எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"இந்தா பாரு" என்று அக்கா எதையோ தூக்கிக் காட்டும் சத்தம். "ஒரு சிரட்ட. ரெண்டு நாளைக்கு வரும். மலைக்குப் போறப்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டா ஒன்றரை நாளு."

மீரா போனைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அப்பா, அது சீனி."

"அது கித்துள். ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் இப்ப என்ர போனில தேடிப் பார்த்தன். கிட்டத்தட்ட எல்லாம் சீனிதான். அவங்கட கால் ஏன் ஆறேல்லை எண்டு யாரும் யோசிக்கேல்லையா?"

"வாய மூடு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வசந்தி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "ஏன் பிள்ளையில பாயிறியள்? தேன் குடுத்ததுக்கு ஒரு பாரத்தில கையெழுத்துப் போட்டுட்டு வந்து அண்டைக்கு முழுக்கக் கத்தினீங்கள். மறந்து போனியளே? அந்தக் கிழவனுக்குத் தேன் கூடாது, உங்கட அக்காவுக்குக் கருப்பட்டி கூடுமோ?"

பதினாறு வருடமாக முன்பின் தெரியாத கிழவர்களின் கோப்பைக்குப் பக்கத்திலிருந்து சீனியை எடுத்தவன், பெற்ற தாய் மாதிரி வளர்த்தவளின் கையில் கிழமைக்குக் கிழமை சீனிக் கட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க வைத்திருக்கிறேன். சுத்தமானதாகப் பார்த்து.

7

அப்போதும் எனக்குப் புத்தி உடனே வரவில்லை. போனை எடுத்து அக்காவிடமே பாய்ந்தேன்.

"கடிக்கச் சொன்னா ஒரு துண்டு கடிப்பியா, ரெண்டு நாளைக்கு ஒரு சிரட்டயத் திம்பியா? யாரு ஒனக்கு அவ்வளவு திங்கச் சொன்னது?"

அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"நீதான்யா. ஒண்ணும் செய்யாதுன்னியே. ஒண்ணும் செய்யாதத எவ்வளவு தின்னா என்னா?"

சரியான கேள்வி. அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

"அக்கா, கருப்பட்டியும் சீனிதான். நான் சொன்னது தப்பு. ஒன்னோட கால் ஆறாததுக்குக் காரணம் நான்தான்."

அக்கா கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். நான் ஆஸ்பத்திரியில இல்ல. வயசான ஆளுங்க இருக்குற ஒரு வீட்டுல, குசினியில தட்டு அடுக்குறேன். டாக்டர் வேலையும் இல்ல, மருந்து வேலையும் இல்ல."

"தெரியும்" என்றாள் அக்கா.

"என்னாது தெரியும்?"

"ஏப்ரன் கட்டிக்கிட்டு நிக்கிற போட்டோவ ஒம் பொண்டாட்டி போட்டிருந்தா. ராணி காட்டுனா. நாலஞ்சு வருசம் இருக்கும். டாக்டருக்கு எதுக்குடா ஏப்ரன்?"

"பின்ன ஏன் எல்லாருகிட்டயும் ஆஸ்பத்திரின்னு சொன்ன?"

"நீ சொல்லாம இருந்த. சரி, அவனுக்குப் புடிச்சிருக்கு, இருந்துட்டுப் போவட்டும்னு நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சிக்கிட்டுமா நான் சொன்னதக் கேட்ட?"

"டாக்டரு சொன்னான்னா கேட்டேன்? தம்பி சொன்னான்னு கேட்டேன்."

போனை மீராவிடம் கொடுத்தேன். அவள் தன் உடைந்த தமிழில், நாளைக்குக் கிளினிக்கில் போய்க் கருப்பட்டி பற்றிச் சொல்லுங்கள், எத்தனை சிரட்டை என்றும் சொல்லுங்கள் என்று ராணிக்கும் அக்காவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் பேசினாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அடுத்த நாள்தான். "இட்ஸ் ஓகே" என்றாள். பிறகு, "சிரட்டை எண்டால் என்ன சைஸ்?" என்று கேட்டாள்.

8

ராணி மறுநாளே சோமா அக்கேயிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். சோமா அக்கே தலையில் கை வைத்துக்கொண்டாராம். அவருடைய வீட்டுக்காரருக்கும் இதே வருத்தம். அவரும் இதையேதான் கடித்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் ஊசியின் அளவை மாற்றினார்கள். கருப்பட்டி நின்று இரண்டு கிழமையில் சீனி இறங்கத் தொடங்கியது. ஆனால் புண் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை.

லீவு கேட்டேன். அக்கா என்பது லீவுப் பாரத்தில் இல்லாத உறவு. தாய், தகப்பன், மனைவி, பிள்ளை என்று கட்டம் கட்டியிருந்தார்கள். வளர்த்த அக்காவுக்குக் கட்டம் இல்லை. என் வருட லீவை முழுக்க எடுத்துக்கொண்டு போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சின்ன விரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்திருந்தார்கள். பாதம் தப்பிவிட்டது. டாக்டர் இளைஞர், சிங்களவர். நான் அவரோடு பேசத் தொடங்கினேன். பாதியில் சிங்களச் சொல் வரவில்லை, ஆங்கிலம் வந்தது. ஆங்கிலமும் பாதியில் நின்றது. அக்கா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, சிங்களத்தில், "இவனுக்கு எல்லாப் பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் மறந்துவிட்டது டொக்டர், என்னிடம் சொல்லுங்கள்" என்றாள். வார்டே சிரித்தது. நடக்கலாமா என்று அவளே கேட்டாள். நடக்கலாம், ஆனால் இனிச் சரிவில் இறங்கிப் பால் வெட்டக் கூடாது என்றார்.

அதோடு காம்பராப் பிரச்சினை வந்தது. நான் தோட்டத்துக்குப் போய்க் கத்தத் தயாராக இருந்தேன். அக்கா என்னை விடவில்லை. டாக்டர் எழுதிய துண்டுச் சீட்டோடு ராணியை அனுப்பினாள். நாற்பத்து நாலு வருடம் மலை ஏறியவள் என்று சொல்லச் சொன்னாள், அவ்வளவுதான். றப்பர்ப் பால் அளக்கிற இடத்தில் வாளி கழுவுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். செக்ரோலில் பெயர் நிற்கிறது. காம்பராவும் நிற்கிறது. இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். மலையில் உடைந்து கிடக்கிற சிரட்டையைப் பொறுக்கி எடுக்க ஒரு ஆளைப் போட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

நான் இங்கிருந்து ஒரு பை நிறையப் பச்சைப் பக்கெட் கொண்டுபோயிருந்தேன். ராணி வார்டுக்குக் கொண்டுவந்த சாயத்தில் ஒன்றைப் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். அக்கா ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இனிக்கத்தான் செய்யுது. ஆனா நாக்குல ஒக்கார மாட்டேங்குது. கடிக்கவும் ஒண்ணும் இல்ல."

"பழகிரும்க்கா. எனக்குப் பழகிருச்சி."

"ஒனக்கு எல்லாந்தான் பழகிருச்சி" என்றாள்.

பக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் வரும்வரை காத்திருந்து, அவரிடமே நீட்டிக் கேட்டாள். கெடுதல் இல்லை, அளவாகப் போடலாம், ஆனால் இனிப்பே இல்லாமல் பழகினால் இன்னும் நல்லது, அந்தச் சாமானைத் தேடி அலைய வேண்டியதில்லை என்றார் அவர். அக்கா யோசித்தாள். அடுத்த நாள் காலை ராணியிடம் சாயத்தில் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடச் சொன்னாள். வேறு ஒன்றும் இல்லை. முதல் மடக்கில் கண்ணை இறுக்கி மூடினாள். பச்சைப் பக்கெட்டுகளை எதிர்க் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டாள், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான்.

வீட்டில் வருத்தக்காரர் உள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கிளினிக்கில் சீனி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், சீனியோடு நிறுத்தாதீர்கள். கருப்பட்டி, பாணி, தேன், சாயத்தோடு வாயில் போடுகிற எல்லாவற்றையும் சொல்லுங்கள். எவ்வளவு என்றும் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிற தம்பி, மாமன், மச்சான் போனில் சொல்கிற வைத்தியத்தை ஒரு காதில் வாங்கி மற்றக் காதால் விடுங்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தூரத்தில் இருக்கிறோம் என்ற குற்ற உணர்ச்சியில் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

புறப்படுகிற அன்று வீட்டு வாசலில் நின்று அக்காவுக்கு வழக்கம்போல அறிவுரை சொல்லத் தொடங்கினேன். பின்னேரம் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட வேண்டும், இளஞ்சூட்டுத் தண்ணியில்தான் கழுவ வேண்டும். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கிளினிக்குல கேட்டுட்டுச் செய்றேன்."

நான் பையை எடுத்தேன். முகம் மாறியிருக்க வேண்டும்.

"கோவிச்சுக்காத" என்றாள் அக்கா. "நீ சொல்றத நிப்பாட்டிறாத. சொல்லிக்கிட்டே இரு. செய்றதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்கிறேன். அக்கா எல்லாவற்றையும் ராணியிடம் எழுதி வைக்கச் சொல்கிறாள். கிளினிக் நாளில் தாளைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் வாசித்துக் காட்டுகிறாள். போன முறை நான் மூன்று விஷயம் சொல்லியிருந்தேன். இரண்டைத் தள்ளிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.